கேட் போட்டால் ஷட்டரை இறக்கிய மனிதர்

புரட்டாசி மாதத்து அரிசி வந்து இறங்கிய மறுநாள் அது. எங்கள் ரேஷன் கடை வாசலில் வரிசை மாரியம்மன் கோயில் வரை நீண்டிருந்தது. கைரேகை இயந்திரம் வழக்கம்போல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது; நானும் வழக்கம்போல் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நடவு வயலிலிருந்து அஞ்சலை அக்கா போனில் கூப்பிட்டார். அவர் எங்கள் ஊர் நடவுப் பெண்களுக்குத் தலைவி. வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல.

"செல்வி, நம்ம சூப்பர்வைசர் தம்பி தவறிட்டாங்களாம்டி. கோடியக்கரைப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ன எடத்துலயே நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்களாம். அவ்வளவுதானாம். பொஞ்சாதி மல்லிகாவுக்கு இப்பதான் சேதி வந்துச்சு."

வரிசையில் முதலில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னாச்சு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் செய்தி போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் அரிசி கேட்கவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தெற்குத் தெருவைப் பார்த்து நடந்தார்கள். நானும் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வேலை நேரத்தில் கடையை மூடியதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வரலாம். வரட்டும்.

மதியழகன் அவர்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் அரசு மதுக்கடையில் மேற்பார்வையாளராக இருந்தவர். நானோ, அதே கடையை இழுத்து மூடச் சொல்லி மனு கொடுத்து, மறியல் செய்து, போலீஸ் வேனில் ஏறி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, அரசாங்கத்துச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு வந்தவள். அவர் விற்ற சரக்கு என் சொந்தத் தம்பியைக் கொண்டுபோனது. அந்தச் சரக்கின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. அப்படிப்பட்டவள் எதற்கு இவருக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பீர்கள். நன்றிக்காகத்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் இன்று ரயில்வே கேட்டில் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

நீடாமங்கலத்திலிருந்து பிரிந்து போகும் ரயில் பாதை எங்கள் ஊருக்கும் எங்கள் வயல்களுக்கும் நடுவே போகிறது. வீடுகள் இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். நடுவில் ஒரு கேட். நெல் ஏற்றிய சரக்கு ரயில் வரும் காலத்தில் அந்தக் கேட்டைப் போட்டால் திறப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வயலில் இருந்து திரும்பும் பெண்கள் எல்லாரும் அந்தக் கேட்டில் வந்து தேங்கி நிற்பார்கள். அப்படி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, வாய்க்கால் கரையில், மதுக்கடை இருந்தது.

காலெல்லாம் சேறு, முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவை, பசி. இந்தக் கோலத்தில், முன்னால் கேட்டும் பக்கத்தில் கடையும் இருக்க, ஒதுங்க ஓர் இடமில்லாமல் நிற்க வேண்டும். கேட் போட்டதும் ஆண்கள் வண்டியை நிறுத்திவிட்டு, சும்மாதானே நிற்கிறோம் என்று கடைக்குள் நுழைவார்கள். வெளியே வரும்போது வாயும் சேர்ந்து வெளியே வரும். பாட்டு, கேலி, சில சமயம் கை. கல்லூரிக்குப் போகிற பெண்கள் இதற்குப் பயந்து அடுத்த ஊர் சுற்றி வந்தார்கள். எங்கள் சண்டை முழுவதும் அந்தக் கேட் இடத்துக்காகத்தான்.

மதியழகன் அவர்கள் எங்கள் ஊரில் தெற்குத் தெருவைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா பண்ணையில் வேலை செய்தவர். கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் துண்டைப் போட்டு உட்காருபவர். பிள்ளை பிறந்ததும் சாமி பெயர் வேண்டாம் என்று சொல்லி, தமிழ்ப் பெயராகத் தேடி வைத்தார். பிள்ளை தஞ்சாவூரில் போய்த் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கினார். தெருவில் அவர்தான் முதல் பட்டதாரி. சர்க்கார் வேலைக்கு எழுதாத பரீட்சை இல்லை. கடைசியில் சர்க்காரே தேடி வந்து வேலை கொடுத்தது, மதுக்கடையில். அதுவும் நிரந்தரமில்லை, தொகுப்பூதியம்.

கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே 'அரசுப் பணி' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். மல்லிகா அம்மையாருக்கு விஷயம் தெரிந்தது தாலி ஏறிய பிறகுதான் என்று ஊரில் ஒரு கிண்டல் உண்டு. அதை மதியழகன் அவர்களிடமே கேட்டுவிட்டேன். "இல்லக்கா, முன்னாடியே சொல்லிட்டேன். அவங்க அப்பாருதான் பத்திரிகையில போட வேணாம்னாரு. ஆனா மாப்பிள்ளை விருந்து அன்னிக்கு அவரே மொத ஆளா என்னைய தனியா கூப்புட்டு ஒரு பாட்டிலு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வயதில் அவர் எனக்கு மூத்தவர். ஆனாலும் ரேஷன் கடையில் இருக்கிற ஒரே காரணத்தால் ஊரே என்னை அக்கா என்கிறது. அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"நம்ம ரெண்டு பேரு கடையும் கவர்மெண்டு கடைதான்கா. உங்க கடையில சரக்கு வரலைன்னா பொம்பளைங்க சத்தம் போடுவாங்க, எங்க கடையில வரலைன்னா ஆம்பளைங்க. திட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் பொது" என்பார். அவரோடு அப்படிப் பேசிப் பழகியது பின்னால்தான். தொடக்கத்தில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது.

மதுக்கடைகளைப் பழையபடி தனியாருக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு சமயம் அடிபட்டது. டீக்கடை முதல் சட்டசபை வரை அதே விவாதம். சாராயம் விற்பதா அரசாங்கத்தின் வேலை என்று ஒரு கூட்டம் கேட்டது; வருமானம் போய்விடுமே என்று இன்னொரு கூட்டம் பதைத்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கடைகளில் வேலை பார்த்த ஆட்களின் கதி என்ன என்று கேட்க நாதியில்லை. அந்த ஆட்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். சுற்று வட்டாரத்துக் கடைகளின் ஊழியர்கள் எல்லாரும் எங்கள் கேட் கடை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சாலையும் பாதையும் சந்திக்கிற இடம், நாலு பேர் கண்ணில் படும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வயலில் இருந்தபடியே, கடையின் ஷட்டர் இறங்கியிருப்பதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். மதியம் ஆகியும் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. வாசலில் ஆண்கள் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து 'மூடு, மூடு' என்று ஏதோ கோஷம் போடுகிறார்கள். ஏலம் விடும் பேச்சை மூடு என்பது கோஷமாம். வயலுக்கு 'மூடு' மட்டும்தான் வந்து சேர்ந்தது. அத்தனை வருஷம் மனு கொடுத்த எங்களுக்கு அது போதாதா? கடைக்காரர்களே மனம் திருந்திக் கடையை மூடிவிட்டார்கள், அரசாங்கத்தையும் மூடச் சொல்கிறார்கள் என்று ஊர் முழுக்க நம்பிவிட்டோம். நான் வேறு ஒரு பெரிய வாளி நிறைய மோர் கரைத்து, கறிவேப்பிலை, கொத்துமல்லி கிள்ளிப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்து நடவில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வரப்பில் யாராவது பெரிய மனிதர் வந்தால், பெண்கள் ஒரு நாற்று முடியை, அதாவது ஒரு பிடி நாற்றுக் கட்டை, எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்துக் குலவை போடுவார்கள். அவர் ஏதாவது கொடுக்காமல் அந்த முடியைத் தாண்டக் கூடாது. வாங்காமல் பெண்களும் அதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். வெற்றிலைச் செலவுக்குக் கொடுப்பார்கள், சிலர் புடவை எடுத்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். ஒன்றும் கொடுக்காமல் தாண்டியவர் வயலில் அப்புறம் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அன்று நடவை முடித்துக்கொண்டு பெண்கள் நேராகப் பந்தலுக்கு வந்தார்கள். சேற்றுக் காலோடு வட்டமாக நின்று குலவை போட்டார்கள். அஞ்சலை அக்கா ஒரு நாற்று முடியை மதியழகன் அவர்களின் காலடியில் வைத்தார். நான் மோரை மொண்டு மொண்டு ஊற்றினேன். வெயிலில் வாடிக் கிடந்த மனிதர்கள், ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் போட்டோ எடுக்க வசதியாக முண்டியடித்துக்கொண்டிருந்தார்.

"நீ நல்லாருக்கணும் தம்பி. எங்க வயித்துல பால வாத்த. இந்தச் சனியன் புடிச்ச கடைய நீங்களே மூடிட்டீங்க" என்றார் அஞ்சலை அக்கா. அவர் கண்ணில் நீர் வழிந்தது.

அப்போதுதான் பந்தலில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. சங்கத்துச் செயலாளர் ஒருவர் மதியழகன் அவர்களின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னது, மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "சார், ஒண்ணும் சொல்லிடாதீங்க. பொம்பளைங்க ஆதரவுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரட்டும். கவர்மெண்டு ஆடிப்போயிடும்."

உண்மைதான். அந்தப் போட்டோ ஒன்று வந்திருந்தால் அவர்கள் பக்கம் ஊரே திரும்பியிருக்கும். அது வரை மதுக்கடை ஊழியனுக்காக இரக்கப்பட்டு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதியழகன் அவர்கள் குடிக்காமல் கையில் வைத்திருந்த மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று கை கூப்பினார்.

"அம்மா எல்லாரும் மன்னிக்கணும். நாங்க கடைய ஒரேயடியா மூடல. இது ஸ்டிரைக். கடைய தனியார்கிட்ட குடுக்கக் கூடாது, எங்கள பர்மனென்ட் பண்ணணும்னு உக்காந்துருக்கோம். பேச்சுவார்த்தை முடிஞ்சா கடை தொறந்துரும். உங்கள ஏமாத்தி இந்த மோர நான் குடிக்க மாட்டேன்."

எல்லாச் சத்தமும் சேர்ந்து வந்தது. நான் போட்ட சத்தம்தான் பெரியது என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு பெண், குடித்த மோரைத் திருப்பிக் கக்கச் சொல்லி ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பத்திரிகைக்காரர் கேமராவைப் பையில் போட்டார். சங்கச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தனியாரு வித்தா என்ன, கவர்மெண்டு வித்தா என்ன? எவன் வித்தாலும் எங்க தாலிதானய்யா அறுவுது?" என்று கேட்டேன். தம்பியைப் பறிகொடுத்து அப்போது வருஷம்கூட ஆகவில்லை.

மதியழகன் அவர்கள் தலை குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "நீங்க கேக்கறது ஞாயம்கா. நான் விக்கிறது நல்ல சாமான்னு எந்த நாளும் சொல்ல மாட்டேன். ஆனா தனியாரு வச்சுருந்தப்ப எப்புடி இருந்துச்சுன்னு அஞ்சலக்காவுக்குத் தெரியும், கேளுங்க" என்றார்.

அஞ்சலை அக்காவுக்குத் தெரியும். ஏலக் காலத்தில் கடையை எடுத்தவர், ஊரில் பெரும்பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரின் மருமகன். அறுவடை முடிந்ததும் களத்தில் அளக்க வேண்டிய கூலி நெல்லைக் கடை வாசலில் வைத்து அளந்தார்கள். நெல் முன்வாசலில் ஆணின் துண்டில் விழும்; பின்வாசலில் புட்டியாக மாறும். பெண்கள் மரக்காலோடு வீட்டில் காத்திருப்பார்கள். மதியழகன் அவர்களின் அப்பாதான் முதலில் எழுந்து, களத்தில் அளந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று சொன்னவர். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அடியாள் வந்தான், போலீஸ் வந்தது, அவருடைய கை எலும்பு முறிந்தது. கடைசியில் நெல் களத்துக்குத் திரும்பி வந்தது.

"எங்க அப்பாரு ஒடஞ்ச கையோட என்னா சொன்னாருன்னா," என்று மதியழகன் அவர்கள் தொடர்ந்தார், "நாம யாருகிட்ட சண்ட போடுறோம்னு நமக்குத் தெரியணும்டா, அது தெரிஞ்சா பாதி செயிச்சாப்புலன்னு சொன்னாரு. கவர்மெண்டு கடைன்னா நீங்க தாலுக்கா ஆபீசுக்குப் போவலாம், கலெக்டரு கார மறிக்கலாம், ஓட்டுக் கேட்டு வர்றவன நிக்க வச்சுக் கேக்கலாம். அதே தனியாருன்னா யாருகிட்டக்கா போவீங்க? 'என் லைசன்சு, என் எடம்'பான். மூடணும்னாலும் அது நம்ம கையில இருந்தாத்தானே மூட முடியும்?"

நான் மோர் வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன் என்றில்லை. அஞ்சலை அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதெல்லாம் சரி தம்பி. நாத்து முடி ஒங் காலடியில கெடக்குது. இப்ப என்னா பண்றது?" என்றார்.

உண்மையிலேயே பெரிய சங்கடம். பெண்கள் தவறாக வைத்த முடிதான். ஆனால் வைத்தது வைத்ததுதான். ஒன்றும் வாங்காமல் எடுத்தால் நடவுக்கு ஆகாது என்று வயதானவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் சட்டைப் பையில் கை விட்டார். "காசு வேணாம். ஒங் காசு எங்கேர்ந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று அஞ்சலை அக்கா தடுத்துவிட்டார். வேலைநிறுத்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு பிடி நாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதியழகன் அவர்கள் கேட்டைப் பார்த்தார். பிறகு கடையைப் பார்த்தார். "கடைய மூடுற அதிகாரம் எனக்கு இல்லம்மா. ஆனா ஷட்டரு எங் கையில இருக்குது. இனிமே கேட்டு போட்டா ஷட்டரும் எறங்கும். கேட்டு தொறந்தாத்தான் ஷட்டரு ஏறும். நீங்க நிக்கிற நேரத்துல இங்க வியாபாரம் கெடையாது. நான் இந்தக் கடையில இருக்கற வரைக்கும் இது நடக்கும்" என்றார். அஞ்சலை அக்கா குனிந்து முடியை எடுத்துக்கொண்டார்.

வேலைநிறுத்தம் முடிந்தது. ஏலப் பேச்சு அப்போதைக்கு அடங்கியது. நிரந்தரம் செய்வது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அது இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது. கடை திறந்த அன்று நாங்கள் வேண்டுமென்றே கேட் பக்கம் போய் நின்றோம். வாக்குக் கொடுப்பவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. கேட்காரர் மணியடித்தார். கேட் இறங்கியது. கூடவே கடையின் ஷட்டரும் கடகடவென்று இறங்கியது. வெளியே நின்ற ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும்தான்.

அதற்கு அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. குடிப்பவர்கள் திட்டினார்கள். "ரயில்வேக்காரனா நீ, கேட்டுக்கும் ஒனக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஒருவர் கல்லை எடுத்து ஷட்டரில் அடித்தார். கூட வேலை செய்த விற்பனையாளர்கள், நமக்கு எதற்கு வம்பு என்று முனகினார்கள். வியாபாரம் இறங்கியதால் மேலதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள். 'பொது அமைதி கருதி' என்று எழுதிக் கொடுத்தாராம். எழுதியதைச் சொல்லிவிட்டு, "பொய் இல்லையேக்கா, உங்க சத்தம் இல்லாம அமைதியாத்தானே இருக்குது?" என்று என்னையே வாரினார்.

ஷட்டர் இறங்கியிருக்கும் நேரத்தில் அவர் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, கேட்டுக்கும் கடைக்கும் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பெண்களோடு பேச்சுக் கொடுப்பதில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பார், அவ்வளவுதான். ரயில் போகும், கேட் ஏறும், நாங்கள் கடந்து வீட்டுப் பக்கம் வந்த பிறகு ஷட்டர் சத்தம் கேட்கும். சுற்று வழியில் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் மெல்ல மெல்லக் கேட் வழிக்குத் திரும்பினார்கள்.

பின்னொரு சமயம் கிராம சபைக் கூட்டத்தில் கடையை இடம் மாற்றச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தோம். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அந்த இடத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கடையின் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. கூட்டத்துக்கு வருகிற வழியிலேயே மேலதிகாரிகள் மதியழகன் அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அதிகாரி கேட்டதும் மதியழகன் அவர்கள் எழுந்து, "எடம் தப்பு சார். மொதல் நாள்லேர்ந்தே தப்பு. நான் ஷட்டர எறக்கி எறக்கித்தான் சமாளிக்கிறேன். எனக்குப் பொறவு வர்றவரு எறக்குவாருன்னு என்னா நிச்சயம்?" என்றார். கூட்டத்தில் ஆண்கள் பக்கம் ஒரே இரைச்சல். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாரோ எங்களுக்காகப் பேசுகிறார்கள் என்பதற்கு அழுதேனா, அது அந்தக் கடைக்காரராக இருக்கிறாரே என்று அழுதேனா, தெரியவில்லை.

கடை கேட்டை விட்டுப் போயிற்று. வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டுபோனார்கள். கூடவே மதியழகன் அவர்களையும் கொண்டுபோனார்கள். நெடுஞ்சாலைக்கு அல்ல, கோடியக்கரைப் பக்கம், உப்பளத்து ஓரமாக இருந்த ஒரு கடைக்கு. நிர்வாகக் காரணம் என்றார்கள். வாரத்தில் ஒரு நாள் பஸ் மாறி மாறி ஊருக்கு வருவார். உப்புக் காற்றில் ஆள் கறுத்து இளைத்துப்போனார். "அங்க கேட்டு இல்லக்கா. அதனால நாள் பூரா ஷட்டரு தொறந்தே கெடக்குது, எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்பார். மல்லிகா அம்மையார் மட்டும் ஒரு முறை என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "உங்களுக்காகத்தான் அக்கா அங்க கெடக்குறாங்க. நான் கோவத்துல சொல்லல. நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஏலப் பேச்சு மறுபடியும் கிளம்பியபோது ஊழியர்கள் தஞ்சாவூரில் தர்ணா உட்கார்ந்தார்கள். அவர் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களாகவே வேன் பிடித்துப் போனோம். எங்கள் கையில் ஒரே ஒரு பதாகைதான். அதில் என்ன எழுதுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்து, கடைசியில் எழுதிக்கொண்டு போனது இது: 'கடையை மூடு! மூடும் வரை தனியாருக்கு விடாதே!' மதியழகன் அவர்கள் அதை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஒரு கோஷத்த எந்தச் சங்கத்துலயும் போட்டதில்லக்கா" என்றார். நான் கொண்டுபோயிருந்த மோரை இந்த முறை கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அவரை ஊருக்குக் கொண்டுவந்த அன்றும் நடவுதான். இடுகாடு கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அன்று தெருமுனையில் யாரும் நிற்கவில்லை. நான், மல்லிகா அம்மையார், ரேஷன் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் பின்னாலேயே நடந்தோம். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கேட்டை நெருங்கும்போது மணி அடித்தது. கேட் இறங்கியது. தூக்கி வந்தவர்கள் பாடையை இறக்கி வைத்தார்கள். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சைக்கிள் நிறுத்தம் இருக்கிறது. பறை நின்றது. அந்த நிசப்தத்தில் எங்களில் பலர், ஷட்டர் சத்தம் கேட்கும் என்பது போல அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

அந்தப் பக்கத்து வயலில் இருந்து நடவுப் பெண்கள் கரையேறி வந்தார்கள். எந்நாளும் கேட் திறக்கக் காத்து நிற்பவர்கள் அன்று மட்டும் அதன் அடியில் குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். அதே சேற்றுக் கால்கள். அஞ்சலை அக்கா கையில் ஒரு நாற்று முடி இருந்தது. அதைக் கொண்டுவந்து மதியழகன் அவர்களின் காலுக்கு முன்னால் வைத்தார். குலவை இல்லை. போகிற மனிதரிடம் இந்த அம்மா என்ன கேட்கிறார் என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சரக்கு ரயில் வந்தது. நெல் மூட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. கேட் மெல்ல ஏறியது. அப்போது அஞ்சலை அக்கா குனிந்து, தான் வைத்த முடியைத் தானே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"தம்பி எங்களுக்குக் குடுக்க வேண்டியத எப்பவோ குடுத்துட்டாங்க. தூக்குங்கய்யா" என்றார்.

தூக்கினார்கள். பெண்கள் இரு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் எங்களுக்காக வாங்கிக் கொடுத்த அந்த இடத்தில் நின்று, அவர் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள், சூப்பர்வைசர் சார். கேட் திறந்திருக்கிறது.